அத்தையின் மூட்டுவலி எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: மணப்பாறை பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு வருடமாக வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூலம் முறுக்கு விற்கிறேன். தினமும் பத்துப் பார்சல் போகும். பெட்டி எல்லாம் ஒரே அளவு, 30, 25, 20 செ.மீ.; மொத்தமாக வாங்கினால் மலிவு. ஆனால் அரைக் கிலோ முறுக்குக்கு வெளிமாநிலக் கூரியரில் மூன்று கிலோவுக்குப் பில் போடுகிறார்கள். டெலிவரி இலவசம் என்று அறிவித்துவிட்டதால் லாபமே நிற்கவில்லை. நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களோ என்று பயம். ஒரே நிம்மதி, டவுனுக்குப் பார்சல் கொண்டுபோகச் செலவில்லை. என் மாமியார் மகளிர் இலவச பஸ்ஸில் போய்ப் போட்டுவிட்டு வருகிறார். 64 வயது, கொஞ்சம் மூட்டுவலி உண்டு, ஆனாலும் அவருக்கும் பொழுது போகிறது. இலவச டெலிவரியை நிறுத்தலாமா?

பதில்: இலவச டெலிவரிக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். போகிற போக்கில் 'அவருக்கும் பொழுது போகிறது' என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

பொழுது போவதற்குத் திண்ணை இருக்கிறது, கோயில் இருக்கிறது. மூட்டுவலியோடு சாக்கைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் படியில் ஏறுவதற்கு வேலை என்று பெயர். இன்றைய பத்துப் பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் அத்தையை நிற்கச் சொல்லுங்கள். ஆறரை அடி வரும். கனமில்லை என்பீர்கள். கூட்டத்தில் அதை எங்கே வைப்பார்? உட்கார இடம் கிடைத்தாலும் முறுக்கு நொறுங்கிவிடுமோ என்று சாக்குக்குக் காவலாக நின்றுகொண்டேதான் போவார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய உதவி. அதை மருமகளின் கூரியர் செலவுக்கு மானியமாக்கியது நீங்கள்.

நானும் இதைச் செய்தவள்தான். நான் வேலைக்குப் போன ஆறு வருடம் என் பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொண்டார். யார் கேட்டாலும் 'அவங்களுக்கும் பொழுது போகுது' என்பேன். அவர் காலமான பிறகு பாயைச் சுருட்டினேன். தலைமாட்டில் மூன்று தைலப் புட்டிகள், மூன்றும் காலி. வலிக்கிறது என்று ஒரு நாள்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. உங்கள் அத்தையும் சொல்ல மாட்டார். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். உங்கள் லாபத்தைத் தின்பதும், அத்தையின் முழங்காலைத் தின்பதும் அதுதான். கூரியரில் பலர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பெட்டிக்குப் பெருக்கினால் 15,000, வகுத்தால் மூன்று கிலோ. உள்ளே பாதிக்கு மேல் காற்று. 22, 18, 12 அளவில் ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும், சாக்கும் மூன்றில் ஒரு பங்காகும். மலிவுக்கு வாங்கிய பெட்டி எவ்வளவு வாங்கிவிட்டது பார்த்தீர்களா?

தினமும் அனுப்புவதையும் விடுங்கள். திங்கள், புதன், வெள்ளி சுட்டு அன்றே அனுப்பினால் போதும். எந்த நாளில் அனுப்புவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆட்கள் காத்திருப்பார்கள்; காறல் வாடை இல்லாத முறுக்குக்குத்தான் மறுபடி ஆர்டர் வரும். இருபது பார்சல் மொத்தமாகச் சேர்ந்தால், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும்படி கூரியர் கிளையில் பேசலாம். தபால் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். எடுக்க வருகிறவருக்குக் கொஞ்சம் காசு கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான அனுப்பும் செலவு. இத்தனை நாளும் அதை அத்தை கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்வி. நிறுத்துங்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரேயடியாக வேண்டாம். பின்கோட்டின் முதல் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம். 5 என்றால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. 6-க்கு ஒரு கட்டணம், 5-க்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. மூன்று பாக்கெட் சேர்த்து வாங்குகிற 6-காரருக்கு மட்டும் இலவசம் என்று வையுங்கள். ஒரு பாக்கெட் வாங்குகிறவர் மூன்றாக வாங்குவார். கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தால் விட்டுவிடுங்கள். கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பிய முறுக்கு இரண்டு வாரம் ஊர் சுற்றி வந்தால் மாட்டுக்குத்தான்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் எங்கே? பெற்ற தாய் சாக்கோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார், மகன் என்ன செய்கிறார்? கூரியர் ஆள் வரத் தொடங்கும்வரை பார்சலை அவர் கொண்டுபோய்ப் போடட்டும், நாளையிலிருந்தே. அத்தைக்கு பாக்கெட் கட்டும் வேலை பிடித்திருந்தால் உட்கார்ந்து கட்டட்டும், ஆனால் சம்பளத்துக்கு. வீட்டுச் செலவில் சேர்க்காமல், மாதம் பிறந்ததும் அவர் கையில் கொடுங்கள். இந்த வாரமே ஒரு மூட்டு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். பஸ்ஸில் வேண்டாம், ஆட்டோ பிடித்து.