அப்பாவின் ஸ்டென்ட்டைப் பயணப் பாலிசியில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் ஐந்து மாதம் டல்லாஸ் போகிறார்கள். அப்பாவுக்கு 67 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். அம்மா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். “எதுவும் இல்லை என்றே டிக் செய்யுங்கள். சொன்னாலும் ஹார்ட்டுக்குப் பணம் தரமாட்டார்கள்” என்கிறார் ஏஜென்ட். அப்படியே செய்யலாமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: செய்யாதீர்கள். ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மைதான். இங்கே விற்கும் பெரும்பாலான பயணப் பாலிசிகள், முன்பே இருக்கும் நோய்க்கான செலவை ஏற்பதில்லை. சில பாலிசிகள் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும், ஒரு வரம்புக்குள் தருகின்றன. ஆனால் நோயைச் சொல்வது அந்த நோய்க்குப் பணம் வாங்குவதற்காக மட்டும் இல்லை. மற்ற எதற்கும் பணம் வராமல் போய்விடக் கூடாது என்பதற்காகவும்தான்.

அப்பா அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்று வையுங்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை என்று கேட்பார்கள். அக்கா உள்ளதைச் சொல்லியே ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அக்கா சொன்னது அப்படியே பதிவாகி, க்ளெய்ம் கோப்போடு நிறுவனத்துக்குப் போகும். விண்ணப்பத்தில் ‘இல்லை’, ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘பத்து வருடமாகச் சர்க்கரை’. உண்மையை மறைத்தார் என்று சொல்லிப் பாலிசியையே செல்லாததாக்க இது போதும்.

உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். 2009-இல் பயணப் பாலிசியோடு அமெரிக்கா போன ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதுமே மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் முன்பே இருந்த நோய்கள், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதையும் சொல்லவில்லை என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது பாலிசி கொடுக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தெரியும். தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்ட முடியாது என்றது நீதிமன்றம். சர்க்கரையைச் சொல்லியிருந்தது அவரைக் காப்பாற்றியது; சொல்லாமல் விட்ட மாத்திரை பன்னிரண்டு வருடம் அலைய வைத்தது.

அதனால் மாத்திரை டப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் வரட்டும். “அம்மாவுக்கு பி.பி. நார்மல்தானே” என்பீர்கள். மாத்திரையால்தான் நார்மல், அதனால் பி.பி. இருக்கிறது என்றே எழுதுங்கள். டாக்டர் எடுக்கச் சொல்லி இன்னும் எடுக்காத டெஸ்ட்டையும் விடாதீர்கள். பாலிசி தொடங்கும் முன் 36 மாதத்துக்குள் கண்டறிந்த, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ பெற்ற நோயே ‘முன்பே இருக்கும் நோய்’ என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி; ஆனால் அது சாதாரண மருத்துவப் பாலிசிக்குத்தான், வெளிநாட்டுப் பயணப் பாலிசிக்குப் பொருந்தாது. அதனால், விண்ணப்பம் “எப்போதாவது” என்று கேட்டால் 36 மாதக் கணக்குப் போடக் கூடாது. கேட்ட கேள்விக்கு முழுப் பதில் தர வேண்டும்.

ஓடிபி-யை ஏஜென்டிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் போடும் டிக்கும் உங்கள் அப்பா சொன்னதாகத்தான் கணக்கு. சொன்ன நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசி எடுத்த பிறகு, கிளம்புவதற்குள் மருந்து மாறினால் அதையும் எழுதித் தெரிவியுங்கள்.

அமெரிக்க நிறுவனங்களின் பாலிசியை அக்கா அங்கிருந்தே வாங்கலாம். பலவற்றில் நோயைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு என்று எண்ண வேண்டாம்; க்ளெய்ம் வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். பழைய நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று தீவிரமானால் மட்டும் தரும் திட்டங்கள் உண்டு. அவற்றில் வயது வரம்பு, தொகை வரம்பு, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் இருக்கும்.

எல்லாம் சொல்லியும் க்ளெய்மை மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அங்கே உங்களுக்குத் துணை நிற்கப்போவது நிரப்பிய விண்ணப்பத்தின் நகல்தான். அதில் ஒன்றை இன்றே அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள்.