கப்பலூர் வரைக்கும் தான் பெல்ட்டா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க வீட்டுக்காரர் திருமங்கலத்துல இருந்து தினமும் கார்ல தான் மதுரைக்குப் போறாரு. வழியில கப்பலூர் பக்கம் போலீஸ் நின்னா மட்டும் சீட் பெல்ட்ட இழுத்து தோள்மேல போட்டுக்குவாரு, மாட்டக்கூட மாட்டாரு, தாண்டுனதும் விட்ருவாரு. கேட்டா "இத்தனை வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா"ங்குறாரு. ஆனா கொடைக்கானல் ஏறும்போது மட்டும் யாரும் சொல்லாமலே மாட்டிக்கிறாரு. இது என்ன கணக்குங்க?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அக்கா, அவரு கணக்கு சரியாத்தான் இருக்கு, அதான் சிக்கலே. ஒரே ஒரு ட்ரிப்ப மட்டும் தனியா எடுத்துப் பாத்தா ஒண்ணும் ஆகாதுங்கறது கிட்டத்தட்ட உறுதி தான். பால் ஸ்லோவிக்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர், கூட ரெண்டு பேரோட சேந்து 1978ல இதப்பத்தி எழுதுனாரு. அப்போதைய அமெரிக்க ரோட்டுல ஒரு தடவை கார்ல போனா உயிர் போற வாய்ப்பு சுமார் 35 லட்சத்துல 1. இதுக்கு எவன் பெல்ட்டு மாட்டுவான்? ஆனா அதே ஆளு 50 வருஷத்துல 40,000 தடவை போறான்னு வச்சுக்கிட்டா உயிர் போற வாய்ப்பு 100ல 1, வேலை வெட்டி பாக்க முடியாத மாதிரி அடிபடுறது 3ல 1னு வந்து நிக்குது. ஒரு கூட்டத்துக்கு ட்ரிப் கணக்கையும் இன்னொரு கூட்டத்துக்கு ஆயுசுக் கணக்கையும் சொல்லிப் பாத்தாங்க. இனிமே கூடுதலா பெல்ட்டு போடுவேன்னு சொன்னவங்க முதல் கூட்டத்துல 10 சதவீதம், ரெண்டாவதுல 39. சொன்னவங்க எல்லாம் நெஜமா போட்டாங்களாங்கறது வேற கதை, நம்ம ஊர்ல ஜனவரி 1ந்தேதி சொல்றது மாதிரித்தான்.

அதுவும் அந்த அமெரிக்கக் கணக்குல நாலு வழிச்சாலைக்குள்ள எதிர்ல வர்ற டூ வீலரும் குறுக்க ஓடுற ஆடும் சேத்தி இல்ல, பாத்துக்கோங்க.

உங்க வீட்டுக்காரர் பத்திரமா வீடு வந்து சேர்ற ஒவ்வொரு நாளும் அவருக்கு "பாத்தியா, பெல்ட்டே வேணாம்"னு ஒரு பாடம் ஏறிக்கிட்டே இருக்கு, இத்தனை வருஷப் பாடத்த நீங்க ஒரு சண்டையில அழிக்க முடியாது. போலீஸ் மட்டும் ஏன் உறைக்குதுன்னா 1000 ரூபா ஃபைனு கண்ணு முன்னாடி நிக்குது, விசில் சத்தம் கேக்குது. கொடைக்கானல்லயும் அதே தான், பள்ளம் தெரியுது, பயம் வருது. கப்பலூர் ரோட்ல பள்ளம் தெரியாது. ஆனா 60 கிலோமீட்டர் வேகத்துல போயி இடிச்சு நிக்கிறது, 14 மீட்டர் ஒசரத்துல இருந்து, அதாவது நாலு மாடிக்கு மேல இருந்து விழுறதுக்குச் சமம். இன்னொண்ணு, ஸ்டியரிங் நம்ம கையில இருக்கறதால வர்ற தெனாவட்டு. 1981ல ஒரு ஆராய்ச்சியில கேட்ட அமெரிக்கக்காரங்கள்ல 93 சதவீதம் பேரு நாங்க சராசரிக்கு மேல நல்லா ஓட்டுறவங்கன்னு சொல்லிருக்காங்க. மதுரையில கேட்டா மிச்ச 7 பேரும் கையத் தூக்கிருவாங்க.

அதனால ஆக்சிடென்ட் வீடியோ காட்டி பயமுறுத்தாதீங்க, ரெண்டு நாள்ல அது போயிரும். வாதத்தையே விட்ருங்க. புது வண்டி வாங்குனா பாண்டி கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துறோம்ல, அதுக்கு யாராச்சும் புள்ளிவிவரம் கேட்டாங்களா? செய்யணும், செய்றோம். பெல்ட்டு மாட்டுன பொறவு தான் சாவியத் திருப்பணும்னு வீட்ல ஒரு சடங்கா ஆக்கிருங்க. கார்ல பிள்ளைங்க இருந்தா அதுகள்ட்ட பொறுப்ப குடுங்க, நீங்க சொன்னா வர்ற கோவம் அதுக சொன்னா வராது.

கேள்வி: பின் சீட்டுல உக்காந்தா சேஃப் தானே? அம்மாவுக்குப் போடச் சொன்னா "நானா ஓட்டுறேன்"ங்குறாங்க.
- வாசகர், மேலூர்

பதில்: சேஃப் இல்லண்ணே. டாடா சன்ஸ் கம்பெனியோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி ஞாபகம் இருக்கா, 2022 செப்டம்பர்ல மும்பை பக்கம் பால்கர்ல கார் விபத்துல போனாரே. பின்னாடி பெல்ட்டு போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க, முன்னாடி இருந்த ரெண்டு பேரும் பொழச்சாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் இந்தியாவுல பெல்ட்டு போடாம செத்தவங்க 16,715 பேருன்னு மத்திய அரசு கணக்கு. அதுல 8,331 பேரு ஓட்டுனவங்க இல்ல, கூட உக்காந்து போனவங்க. பின்னாடி இருக்கவங்களும் போடணும்னு சட்டமும் இருக்கு. அம்மா பெல்ட்டு போடலன்னா, இடிச்ச வேகத்துல அவங்க வந்து மோதுறது முன்னாடி இருக்குற உங்க மேல தான், இதச் சொல்லிப் பாருங்க, தனக்காகப் போடாத அம்மா மகனுக்காகப் போடும். அதுக்கு முன்னாடி சீட்டத் தூக்கிப் பாருங்க, பாதி வண்டியில சீட் கவர் போட்டவரு பெல்ட்ட மாட்டுற பக்கிள உள்ள அமுக்கி மேல கவர இழுத்து விட்ருப்பாரு. அம்மா போடணும்னாலும் எங்க மாட்டுவாங்க?

கேள்வி: வண்டி தீப்பிடிச்சாலோ கண்மாய்க்குள்ள விழுந்தாலோ பெல்ட்டு மாட்டிக்கிட்டா வெளிய வரமுடியாதே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: சினிமா மாதிரி மனசுல ஓடுறதால அது பெருசா தெரியுது தம்பி. அந்த மாதிரி விபத்து ரொம்பக் கம்மி. அப்படியே நடந்தாலும் நினைவு இருக்கவன் தான் கழட்டிட்டு வருவான், தலை கண்ணாடியில மோதி மயங்குனவன் பெல்ட்டு இல்லாட்டியும் வரமாட்டான்.

கேள்வி: பெல்ட்டு போடலன்னா வர்ற அந்த பீப் பீப் சத்தம் தாங்கல, அத நிறுத்த பக்கிள்ல சொருகுற கிளிப் ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். தப்பா?
- வாசகர், வில்லாபுரம்

பதில்: தப்பு தான். 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு ஆன்லைன்ல இருந்து இந்தக் கிளிப் விளம்பரம் 13,118 எடுக்க வச்சாங்க. அதுவும் போக, உங்க வீட்ல வேற யாராச்சும் வண்டி எடுத்து பெல்ட்டு போடணும்னு நெனச்சாலும் குழி அடைச்சுக் கெடக்கும். இன்னைக்கே பிடுங்கிப் போடுங்க.