ஜப்பான்காரர் 'பரிசீலிக்கிறோம்' என்றால் ஆர்டர் உறுதியா?

மார்த்தாண்டத்தில் முந்திரி ஆலை நடத்தும் நீங்கள், ஜப்பானிய வாடிக்கையாளர் "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னதை நம்பிக் கூடுதல் சரக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அங்கே அந்தச் சொல் பல நேரம் பணிவான மறுப்பு. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லத் தயங்குவார்கள்.

இதைப் புரிந்து நடக்கும் திறனுக்குத்தான் பண்பாட்டு நுண்ணறிவு என்று பெயர். ஏர்லி, சூன் ஆங் என்ற ஆய்வாளர்கள் 2003இல் இதை விரிவாக எழுதினார்கள். இன்று இத்துறையினர் இதை ஆர்வம், அறிவு, திட்டமிடல், நடத்தை என்று நான்கு கூறுகளாகப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது திட்டமிடல்தான்: நாம் நினைத்த அர்த்தம் சரியா என்று பேச்சின் நடுவிலேயே சோதித்துக்கொள்வது. ஜப்பானிய வழக்கப்படி விசிட்டிங் கார்டை இரு கையால் கொடுப்பதை யாரும் ஒரே நாளில் பழகிவிடலாம். அவர் மௌனமாக இருக்கும்போது பதறி விலையைக் குறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்கள் இவை. கேரள எல்லையிலுள்ள பாறசாலை வியாபாரியிடம் மலையாளம், வள்ளியூர்க்காரரிடம் தமிழ் என்று ஆளுக்கேற்பப் பேச்சை மாற்றிப் பழகியவர்கள் நாம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? "எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும், வேறு மாதிரிப் பருப்பு அனுப்பவா?" என்று மென்மையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தேதி வராவிட்டால் அந்தச் சரக்குக்கு வேறு ஆளைப் பாருங்கள். ஆனால் அவரோடு தொடர்பை விடாதீர்கள்.