காரை யோசிக்கும் முன் வீட்டை யோசியுங்கள்

தம்பி, மனைவியோடும் எட்டு வயது மகளோடும் ரொறன்ரோவில் குடியேற இருப்பதாகவும், வந்த கையோடு கார் வாங்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில், நீங்கள் எந்த இடத்தில் வாடகைக்கு வீடு எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

எம்மவர்கள் முதலில் சொல்வது நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலவறைக் குடியிருப்பு. வாடகை குறைவு, சொந்தபந்தம் பக்கத்தில், தமிழ்க் கடைகள் உண்டு என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஸ்காபரோவின் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தோட்டந்துரவாக இருந்த நிலத்தில், வீட்டுக்கொரு கார் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுப்பப்பட்டது. பெருந்தெருக்கள் ஏறக்குறைய 2 கிலோமீற்றருக்கு ஒன்றாக ஓடுகின்றன. இடையில் வளைந்து செல்லும் உள்தெருக்களில் வீட்டைத் தவிர வேறெதுவும் கட்ட நகரத் திட்ட விதிகள் நெடுங்காலம் இடங்கொடுக்கவில்லை. கடைகள் சந்தியிலுள்ள பிளாசாக்களில், அகன்ற வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருக்கின்றன. பால் வாங்கப் புறப்படுகிறவர் உள்தெருவெல்லாம் சுற்றிச் சந்திக்கு வந்து, அகலமான வீதியைக் கடந்து, பின்னோக்கி எடுக்கப்படும் கார்களுக்கு நடுவே தரிப்பிடத்தையும் தாண்டித்தான் கடை வாசலை அடைய வேண்டும். ஜனவரியில், பனி அள்ளும் வண்டி வீதியோரத்தில் குவித்துவிட்டுப் போன பனிமேட்டின் மேல் சாமான் பைகளோடு ஏறி இறங்குவது எவ்வளவு சிரமம் என்பதை உங்கள் மனைவி முதல் மாதத்திலேயே அறிந்துவிடுவார்.

பஸ் சேவை மோசமில்லை. ஆனால் 1985 முதல் ஓடிய ஸ்காபரோ ரயில் பாதை, 2023 ஜூலையில் ஒரு வண்டி தடம் புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வரவேண்டிய சப்வே (நிலத்தடி ரயில்) நீட்சியை நம்பி இப்போது வீடு எடுக்காதீர்கள்.

நகரின் வடக்கே, யங் வீதியில் ஷெப்பர்ட், ஃபிஞ்ச் வீதிகளுக்கு இடைப்பட்ட பகுதி முற்றிலும் வேறு. மேலே குடியிருப்புகள், தெருமட்டத்தில் மருந்தகமும் உணவகமும், கீழே சப்வே. நோர்த் யோர்க் சென்டர் நிலையத்திலிருந்து, வெளியே கால் வைக்காமலே பெரிய நூலகத்துக்கும் கடைத்தொகுதிக்கும் போய்விடலாம். வாடகை கூடத்தான். ஆனாலும் கார்த் தவணை, பெற்றோல், புதிய சாரதியிடம் அறவிடப்படும் கடுமையான காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே பேஸ்மென்ற் மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

நகரின் நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் டவுனையும் பாருங்கள். 1980களில் அகதிகளாக வந்த எம்மவரில் பலர் அந்த உயர்ந்த மாடிகளில்தான் முதலில் குடியிருந்தார்கள். பள்ளி, நூலகம், பலசரக்குக் கடை, சப்வே எல்லாம் நடைதூரம். கட்டடங்கள் பழையவை, மின்தூக்கி ஒழுங்காக இயங்குகிறதா என்று குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரின் கோர்னெல் பற்றியும் யாராவது சொல்வார்கள். 1990களில், நடந்து வாழக்கூடிய ஊராகவே வரையப்பட்டது. கார்க் கொட்டில்கள் வீட்டின் பின்புற ஒழுங்கையில் இருப்பதால் முன்தெரு நடப்பவர்களுக்கு இதமானது. இருந்தும் சப்வே அங்கு எட்டவில்லை என்பதால், வேலைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் காரில்தான் செல்கிறார்கள். வீடும் கடையும் நெருங்கியிருந்தால் மட்டும் போதாது, அடிக்கடி வரும் ரயிலோ பஸ்ஸோ கூடவே வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நகரசபையும் இதை உணர்ந்திருக்கிறது. புதிய கட்டடங்களில் இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்ற விதி 2021 டிசம்பரில் பெரும்பாலும் நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில், தனிவீட்டுப் பகுதிகளிலும் ஒரே காணியில் நான்கு குடியிருப்புகள் வரை கட்ட அனுமதி வந்தது. பலன் தெரியக் காலம் எடுக்கும். ஆனால் தரிப்பிட விதி நீங்கியதால் உங்களுக்கு இப்போதே ஒரு நன்மை உண்டு: தரிப்பிடமில்லாத குடியிருப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒப்பந்தத்தில் தரிப்பிடக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால், அது வேண்டாம் என்று சொல்லி வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிரெஸ்டோ அட்டையில் ஒருமுறை கட்டணம் செலுத்தினால் 2 மணிநேரம் நகர பஸ்களிலும் சப்வேயிலும் மாறி மாறி ஏறலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். வீடு பார்க்கப் போகும்போது உறவினர் காரில் கூட்டிப்போக முன்வருவார்கள். அன்போடு மறுத்துவிட்டு, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, வேலை முடியும் மாலை நேரத்தில் பஸ்ஸிலேயே போங்கள். அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் நடந்து பாருங்கள். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.