ஹம்மிங் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஒலியைப் பெருக்கும் TDA2030 ஐசி வைத்து சிங்கிள் சப்ளையில் (பிளஸும் கிரவுண்டும் மட்டும்) ஒரு ஆம்ப்ளிபயர் போர்டு நானே வரைந்து அசெம்பிள் செய்தேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் 'உர்ர்' என்று ஹம்மிங். 2200 மைக்ரோஃபாரட் கண்டன்சரை 4700 ஆக மாற்றியும் போகவில்லை. (வாசகர், விருதுநகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கண்டன்சர்மேல் பழி போடாதீர்கள், சிக்கல் கிரவுண்ட் ட்ராக்கில், அதாவது எல்லாப் பாகங்களின் மைனஸும் சேரும் காப்பர் கோட்டில். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜின் மைனஸிலிருந்து ஃபில்டர் கண்டன்சர் (நீங்கள் மாற்றிய அந்த 4700) வரை 1 மி.மீ. அகலத்தில் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு ட்ராக் ஓடுகிறது இல்லையா, அதில் இன்புட் ஜாக்கையும் வால்யூமையும் பிரிட்ஜ் பக்கம் சேர்த்துவிட்டு, பீட்பேக் கண்டன்சரின் (அவுட்புட்டில் ஒரு பங்கை ஐசிக்குத் திருப்பும் வழியில் இருப்பது) காலை மறுமுனையில் சேர்த்திருக்கிறீர்கள். வழக்கமான 35 மைக்ரான் காப்பரில் ஒரு சதுரத்துக்கு (ட்ராக்கின் அகலமும் நீளமும் சமமான துண்டு) அரை மில்லிஓம் என்று கணக்கு. உங்கள் ட்ராக்கில் 25 சதுரம், ஆக 12 மில்லிஓம் இருக்கும். பாட்டே ஓடாதபோதும் வினாடிக்கு 100 தடவை கண்டன்சர் சார்ஜ் ஆகிறது. அந்தக் கணத்தில் அரை ஆம்பியர் பாய்ந்தால் ட்ராக்கின் இரு முனைக்கும் நடுவே 6 மில்லிவோல்ட் நிற்கும். 100கே, 4.7கே ரெசிஸ்டர் போட்ட உங்கள் சர்க்யூட் அதை 22 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கண்டன்சரைப் பெரிதாக்கினால் சார்ஜ் ஆகும் நேரம் குறுகி, பாயும் கரண்ட் இன்னும் உயரும், அதனால்தான் பலன் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஜாக், வால்யூம், பயாஸ் கண்டன்சர் (ஐசி இன்புட்டுக்குப் பாதி வோல்டேஜ் தரும் இடத்தில் இருப்பது), பீட்பேக் கண்டன்சர் இவற்றின் கிரவுண்டுகளை முதலில் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒரு ட்ராக்கை ஃபில்டர் கண்டன்சரின் மைனஸ் காலுக்கே கொண்டுபோங்கள். ஸ்பீக்கரின் மைனஸும், அவுட்புட்டில் இருக்கும் 1 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஜோடியின் கிரவுண்டும் தனி வழியில் அதே காலுக்கு வரட்டும். நான் போட்ட முதல் போர்டிலும் இதே தப்புதான், ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றி, இரும்புப் பெட்டி வாங்கி, ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் பிளேடால் ட்ராக்கைக் கீறி அறுத்துவிட்டு நான்கு அங்குல வயரை சோல்டர் வைத்ததும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால்கூடச் சத்தமில்லை. புது போர்டு போடுவதற்கு முன் நீங்களும் அப்படி அறுத்துப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பக்க போர்டில் ஒரு பக்கம் முழுக்க கிரவுண்ட் காப்பராக விட்டால் இந்தத் தொல்லை தீருமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஓரளவுக்கு. ரெசிஸ்டன்ஸ் நிறையக் குறையும், அது லாபம். ஆனால் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும் கரண்ட் தன் ட்ராக்குக்கு நேர் கீழேயே திரும்பிவிடும், 100 ஹெர்ட்ஸ் கரண்ட் அப்படி இல்லை, ரெசிஸ்டன்ஸ் எங்கே குறைவோ அங்கெல்லாம் அகலமாகப் பரவும். அதனால் பிரிட்ஜையும் ஃபில்டர் கண்டன்சரையும் ஒரு ஓரத்தில் ஒட்டி ஒட்டி வையுங்கள், இன்புட் ஜாக் எதிர் ஓரத்துக்குப் போகட்டும். இந்த இட ஒதுக்கீட்டைச் செய்யாமல் காப்பரை மட்டும் நிரப்பிப் பயனில்லை.

கேள்வி: ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தால் ஹம்மிங் குறைகிறதே? (வாசகர், ஓசூர்)

பதில்: அது காந்தப் புலம். 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்' என்று மெதுவாகக் கேட்கும். இன்புட் வயரும் அதன் கிரவுண்ட் வயரும் பிரிந்து போனால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி அந்தப் புலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் முறுக்கிக் கொண்டுபோங்கள், போர்டிலும் அந்த இரு ட்ராக்கையும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரைக் குறைவாகக் கேட்கும் திசையில் திருப்பி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள்.