ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும் மகன்

ஒன்பதாம் வகுப்பு மகன் தேர்வில் ‘மனம்’, ‘மணம்’ குழப்புகிறான், வாட்ஸ்அப்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. குறுஞ்செய்தியை மட்டும் குறை சொல்லமாட்டேன். இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், செய்திகளில் சுருக்கச் சொற்களை அதிகம் கையாண்ட 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை. அது ஆங்கிலத்துக்கு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போதோ ன, ண, ந மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பல்லியும் பள்ளியும் ஒன்றுதான். என் மகள் கட்டுரையிலேயே ‘பல்லிக்கு விடுமுறை’ என்று எழுதிவிட்டாள், பதறிப்போனேன். அவள் கைபேசியில், தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையை வைத்துக் கொடுத்தேன். அதில் ல, ள, ழ தனித்தனி விசைகள். எந்த எழுத்து என்று யோசிக்காமல் விரல் நகராது. முதல் வாரம் சிணுங்கினாள். இப்போது பாட்டிக்கு அனுப்புவதெல்லாம் அதில்தான். நீங்களும் அவனுக்குத் தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்புங்கள்.