சென்னை – நெல்லை: வார இறுதியில் தனியாகக் காரில் போகலாமா?

கேள்வி: சிறுசேரியில் ஐடி வேலை. அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை வெள்ளி இரவு வேலை முடிந்ததும் காரில் கிளம்பி, ஞாயிறு இரவு அங்கிருந்து புறப்பட்டு, திங்கள் காலை ஆபீஸுக்குப் போய்விடலாம் என்று திட்டம். கார் இருந்தால் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் வசதி. "ராத்திரி ஒத்தையில வராதட்டி" என்கிறார் அம்மா. எனக்கு ஓட்டுவதில் நல்ல அனுபவம் உண்டு. தூக்கம் வந்தால் டீ குடித்துச் சமாளித்துக்கொள்வேன். போகலாமா?

பதில்: உங்கள் ஓட்டும் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தனியாகப் போவதும் பெரிய விஷயமில்லை. நீங்கள் கிளம்பும் நேரம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்திருப்பீர்கள். இரவு 9 மணிக்குக் கிளம்பினால், செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டித் திண்டிவனத்தை நெருங்கும்போது மணி 11. அதற்குள் 17 மணி நேரம் விழித்திருந்தாயிற்று. அவ்வளவு நேரம் தூங்காதவரின் கவனமும் சட்டென்று பிரேக் மிதிக்கும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். திண்டிவனத்தில் அந்த நிலை என்றால், அதற்குப் பிறகு இன்னும் 500 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

துவரங்குறிச்சி, மேலூர் பக்கம் வரும்போது விடியற்காலை 3 மணி ஆகியிருக்கும். 2 முதல் 5 வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். எவ்வளவு பழகிய டிரைவருக்கும் இது பொருந்தும். அப்போது கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி என்றால் 110 மீட்டர். பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரிகளும், மீடியன் இடைவெளி தூரம் என்று தப்பான பக்கத்தில் வரும் பைக்குகளும் உள்ள சாலை இது. அந்த 110 மீட்டரை யார் ஓட்டுவது?

டீயை நம்பாதீர்கள். அதிலுள்ள கஃபீன் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஜன்னலைத் திறப்பதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும், முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சளிக்கு செட்டிரிசின் மாதிரி மாத்திரை போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித் தருவேன்: கடைசியாகக் கடந்த பச்சைப் பலகையில் எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது? கடந்து வந்ததே நினைவில் இல்லையென்றால், அடுத்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

சரி, எப்படிப் போவது? சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ரயிலில் போங்கள். போக வர 1,240 கிலோமீட்டர். இரண்டு நாளில் அதை ஓட்டினால் அம்மாவுடன் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுதுதான் மிஞ்சும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஊர். 2023 முதல் ஓடும் வந்தே பாரத் சுமார் எட்டு மணி நேரத்தில் கொண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு உள்ளூர் வாடகைக் காரை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கும் நேரத்தில், பார்க்கிங் தேடி அலையாமல் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

திங்கட்கிழமை லீவு கிடைத்தால் மட்டும் காரை எடுங்கள். வெள்ளி இரவு 9 மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். சனி காலை 5 மணிக்குக் கிளம்பினால் விழுப்புரத்தில் டிபன், பத்தரை மணி வாக்கில் திருச்சி, ஒரு மணிக்குள் மதுரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கொஞ்சம் நடங்கள். சாப்பாட்டை மதுரையைத் தாண்டுவதற்குள் முடித்துக்கொள்வது முக்கியம். மதியம் 1 முதல் 4 வரை உடம்பு இன்னொரு முறை சோர்ந்துபோகும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று அந்த நேரத்தில் வருவது கரிசல் காட்டு வெயிலும், வளைவே இல்லாத நேர்ச்சாலையும். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அதில் இறங்கக் கூடாது. தயிர்சாதம், ஒரு காபி. உடனே ஹோட்டல் பார்க்கிங்கிலேயே நிழலில், வாட்ச்மேன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து, இன்ஜினை அணைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலை விரலளவு இறக்கிவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் தூங்கினால் எழுந்ததும் தலை கனக்கும். இருபது நிமிடத்தில் எழும்போது, குடித்த காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

பாத்ரூம் போகவும் சாப்பிடவும் கூட்டமாக இருக்கும் பெரிய ஹோட்டல், விளக்கு எரியும் பங்க், டோல்கேட் இவற்றில் மட்டும் நிறுத்துங்கள். வண்டி பழுதாகி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033. அடிபட்டால் 108.

அம்மாவிடம் "நாலு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லாதீர்கள். நாலரை ஆனதும் அவர் போன் செய்வார், நீங்கள் எடுப்பீர்கள், ஆக்சிலேட்டரையும் மிதிப்பீர்கள். "நாலுக்கும் ஆறுக்கும் நடுவில்" என்று சொல்லுங்கள். விழுப்புரம், திருச்சி, மதுரை என மூன்று இடத்தில் நிறுத்தியதும் நீங்களே கூப்பிடுவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இடையில் போன் வந்தால் எடுக்க வேண்டாம். அண்ணனோ தோழியோ ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவைத்தால் அம்மா அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

வண்டியில் எனக்கு டயர்தான் முதல் அக்கறை. கிளம்புவதற்கு முதல் நாளே, டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம் பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னியிலும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரோடு நெல்லை வெயிலில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், பட்டன் (சாலையில் படும் பக்கத்து ரப்பர் வரிகள்) தேயாமல் இருந்தாலும் சரி.

ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் பற்றியும் யோசிப்பீர்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. 200 முறை அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை. பரனூரில் தொடங்கி இந்த வழியில் பத்துக்கு மேல் டோல்கேட். ஒவ்வொன்றையும் கடப்பது ஒரு முறை என்று கணக்கு. எனவே மாதாமாதம் போனால் ஓராண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடும். அப்படியும் லாபம்தான்.

திரும்பும்போது திங்கள் காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். அம்மா வெறுங்கையோடு அனுப்பமாட்டார். அரிசி மூட்டையும் தேங்காயும் டிக்கியில் அடிமட்டத்தில், சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். பின்சீட்டில் உருட்டிவிட்ட தேங்காய், சடன் பிரேக் போட்டால் உங்கள் பின்மண்டைக்குத்தான் வரும். பின்னால் பாரம் ஏறினால் காரின் மூக்கு மேலே தூக்கும். லோ பீமில் வைத்திருந்தாலும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்ன சக்கரம் ஒன்று இருக்கும். இருட்டோடு கிளம்பும்போது அதை 0இலிருந்து 1க்கோ 2க்கோ திருப்பி, எதிர்ச் சுவரில் வெளிச்சம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.